மதுரைத் தெருக்கள் மாறுவதைப் படம் பிடித்து ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரையில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. கோபுரம், தெப்பம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று வருஷா வருஷம் படங்கள் குவிகின்றன. ஆனால் ஊர் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள இவை பெரிதாக உதவுவதில்லை. கோபுரம் அப்படியே நிற்கிறது. அதற்கு முன்னால் இருந்த ஓட்டு வீடுதான் மூன்று மாடியாகிறது, திண்ணை ஷட்டராகிறது, பாத்திரக் கடை செல்போன் கடையாகிறது. அதை யாரும் வேலை மெனக்கெட்டு எடுப்பதில்லை.

இந்த வழிகாட்டி அந்த முன்னால் இருப்பதைப் பற்றியது. முறை ரொம்ப எளிது: ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, காலம் விட்டுக் காலம் படம் எடுப்பது. அமெரிக்காவில் கமிலோ ஹோஸே வெர்கரா என்ற புகைப்படக்காரர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரே கடை முகப்பை 1977-லிருந்து திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். அது கேளிக்கை விடுதியாக இருந்து, கடையாகி, பூட்டிக்கிடந்து, வேறொன்றாகி வந்த கதை முழுக்க அந்த வரிசையில் இருக்கிறது. அதில் ஒரு படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சாதாரணக் கடைப் படம்தான்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சர்வேயர் எல்லைக்கல்லை வைத்து அளப்பதுபோல, நாம் கோபுரத்தை வைத்து அளக்கலாம். ஊருக்கு வெளியே போனால் யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம். அசையாத பொருள் ஒன்று படத்தில் இருந்தால், அசைந்தது எது என்று தானே தெரிந்துவிடும்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“மதுரை மாறுவதைப் படம் எடுக்கப் போகிறேன்” என்று கிளம்பினால் ஒரு வாரத்தில் கை ஓய்ந்துவிடும். ஒரு தெரு, ஒரு கேள்வி போதும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக் கடைகளுக்கு மேலே இன்னும் யாராவது குடியிருக்கிறார்களா? டவுன்ஹால் ரோட்டில் பெருமாள் தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைகள் எவ்வளவு மறைக்கின்றன? ஒத்தக்கடைப் பக்கம் வயல் எந்த வரிசையில் மனையாகிறது? கேள்வி இப்படி இருந்தால் எங்கே நிற்க வேண்டும், எதைப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஒரு தெருவுக்குப் பதில் ஒரு நேர்கோட்டையும் எடுத்துக்கொள்ளலாம். மதுரையின் பழைய நகரம் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இந்த வெளி வீதிகள் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களில், கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவை. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிகளுக்கும். கோயிலிலிருந்து வெளியே ஒரு நேர்கோட்டில் நடந்து, ஒவ்வொரு வீதியையும் கடக்கிற முனையில் நான்கு திசைக்கும் ஒரு படம் எடுத்தால், நகரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு வரிசை கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து டவுன்ஹால் ரோடு, மேலக்கோபுரத் தெரு என்று வருகிற வழி இதற்கு நன்றாகப் பொருந்தும்.

புறநகர் பிடிக்கும் என்றால் புது நத்தம் ரோடு. தல்லாகுளத்திலிருந்து 7.3 கிலோமீட்டருக்கு மேம்பாலம் 2023-இல் திறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அதே ரோட்டில் வந்தது. பாலத்துக்கு மேலே போகிற வண்டிகள் பெருகப் பெருக, கீழே இருக்கிற டீக்கடை, பெட்டிக்கடை, பழைய வீடுகளுக்கு என்ன ஆகிறது என்பது இப்போதே தொடங்க வேண்டிய வேலை.

பழைய படம் எங்கே கிடைக்கும்

ஆரம்பத்திலேயே ஒரு பழைய படம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மதுரைக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இன் தொடக்கத்தில் இங்கே வந்து எடுத்த படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். கோயில், திருமலை நாயக்கர் மகால், யானைமலை மட்டுமல்ல, பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூணையும், ஏ.வி. பாலம் வருவதற்கு 30 வருடம் முந்திய வைகைத் தரைப்பாலத்தையும் எடுத்திருக்கிறார். மகாலை மதராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்தப் படங்களில் இருப்பது பழுது பார்ப்பதற்கு முந்திய மகால்.

இந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கும்போது ஒன்று கவனம். தெருவில் ஆளே இல்லாததுபோல் இருக்கும். டிரைப் பயன்படுத்தியது மெழுகு தடவிய காகித நெகட்டிவ். ஒளி பதிய நேரம் பிடிக்கும், நடந்து போகிறவர்கள் பதியவே மாட்டார்கள். “அந்தக் காலத்தில் மதுரை எவ்வளவு அமைதியாக இருந்தது பாருங்கள்” என்று யாராவது அந்தப் படத்தைப் பகிர்ந்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால், குடியிருப்புகளைப் பற்றி ஆராய டிரைப்பைவிட உங்கள் அத்தை வீட்டு ஆல்பம் மேல். வெள்ளைக்காரர்கள் எடுத்தது பெரும்பாலும் கோயிலும் அரண்மனையும். 1970, 80, 90-களின் சாதாரணத் தெரு, குடும்பப் படங்களின் பின்னணியில்தான் இருக்கிறது. காதுகுத்து, கல்யாண ஊர்வலம், புது மொபெட் வாங்கிய நாள், வீட்டு வாசலில் கோலத்தோடு நிற்கிற தங்கச்சி. முகத்தை விட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் பாருங்கள். எதிர் வீட்டு ஓடு, கைபம்பு, கடை போர்டு, வேப்பமரம் எல்லாம் அங்கே இருக்கும். எதிர்சேவை (அழகரை ஊருக்குள் எதிர்கொண்டு வரவேற்பது), அழகர் ஊர்வலப் படங்கள் இன்னும் நல்லது. மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அழகர் வருகிற வழி தெரிந்தது, நாளும் தெரிந்தது, ஆண்டு மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். நெகட்டிவைத் தூக்கிப் போட்டவர்களே அதிகம், சிலர் மட்டும் டப்பாவில் வைத்திருப்பார்கள். ஆல்பத்தை வாங்கி வராதீர்கள். அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் மேலிருந்து நேராக எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துக்குள் தூண்களுக்கு இடையே தையல் மெஷின்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்த காலத்தில் எடுத்த படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தங்கம் தியேட்டரும் இல்லை, அது இருந்த இடத்தில் ஜவுளிக் கடை. இந்த மாதிரி இடங்களின் படம் கிடைத்தால் மங்கலாக இருந்தாலும் விடாதீர்கள்.

தேதி தெரியாத படத்துக்குத் தேதி கண்டுபிடிப்பது

“எண்பதுகளில் எடுத்தது” என்று வீட்டில் சொல்வதை அப்படியே எழுதாதீர்கள். படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கும். மதுரை போஸ்டர்களுக்குப் பேர் போன ஊர். கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, மாநாடு என்று எதிலும் தேதி இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். சினிமா போஸ்டர் தெரிந்தால் படம் வெளிவந்த ஆண்டு கிடைக்கும், மறு ரிலீஸும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கடை போர்டில் போன் எண் இருந்தால் இலக்கத்தை எண்ணுங்கள். ஆறு இலக்கம் என்றால் பழசு, 2-இல் தொடங்கும் ஏழு இலக்கம் என்றால் அதற்குப் பிந்தியது, செல் எண் இருந்தால் இன்னும் பிந்தியது. வண்டி நம்பர் டி.என். 58, 59, 64 என்று இருந்தால் படம் 1989-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

கோபுரமும் தேதி சொல்லும். 1995-லும் 2009-லும் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முன் கோபுரத்தில் சாரம் கட்டி மறைத்திருப்பார்கள், முடிந்ததும் வர்ணம் பளிச்சென்று இருக்கும். சாரம் தெரிகிற ஒரு மங்கலான குடும்பப் படம் எந்த ஆண்டு என்று இதை வைத்தே ஏறக்குறைய சொல்லிவிடலாம். இரண்டு சாட்சிகளாவது ஒத்துப்போனால்தான் ஆண்டை எழுதுங்கள். இல்லையென்றால் “1985-க்கும் 1990-க்கும் நடுவில்” என்று எழுதுவதே நேர்மை.

அவர் நின்ற இடத்தில் நிற்பது

இந்த வேலையில் நேரம் எடுப்பதும் சுவாரசியமானதும் இதுதான். பழைய படத்தை எடுத்தவர் நின்ற இடத்தை அடி பிசகாமல் கண்டுபிடிக்க வேண்டும். லென்ஸ், ஜூம் எல்லாம் அப்புறம். பொருள்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதை முடிவு செய்வது நாம் நிற்கும் இடம் மட்டுமே. எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதை மட்டும்தான் லென்ஸ் முடிவு செய்கிறது.

பழைய படத்தை ஏ4 தாளில் பெரிதாகப் பிரிண்ட் எடுங்கள். போனில் வைத்துக்கொண்டு போனால் வெயிலில் ஒன்றும் தெரியாது. தாளில் கிட்டத்துப் பொருள் ஒன்று, தூரத்துப் பொருள் ஒன்று என்று ஜோடி ஜோடியாகப் பேனாவில் வட்டமிடுங்கள். குறைந்தது மூன்று ஜோடி, படத்தின் இடது, நடு, வலது என்று பரவலாக.

தெற்கு மாசி வீதியில் எடுத்த ஒரு படத்தில் தெற்குக் கோபுரத்தின் உச்சி, ஒரு மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவரின் மூலைக்கு நேர் மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போய் நின்று பார்க்கிறீர்கள், கோபுரம் அந்த மூலைக்கு இடது பக்கம் தெரிகிறது. வலது பக்கம் நகருங்கள். விதி இவ்வளவுதான்: தூரத்துப் பொருள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நீங்கள் போக வேண்டும். உயரத்துக்கும் இதே விதி. பழைய படத்தில் கோபுரம் சுவருக்கு மேலே இன்னும் இரண்டு நிலை கூடுதலாகத் தெரிந்தால், எடுத்தவர் மாடியில் நின்றிருக்கலாம், அல்லது உங்களைவிடப் பின்னால் நின்றிருக்கலாம். எது என்று எப்படித் தெரியும்? சுவரின் அகலத்தையும் கோபுரத்தின் அகலத்தையும் ஸ்கேல் வைத்துத் தாளில் அளந்து வகுத்துப் பாருங்கள். பின்னால் போகப் போகக் கிட்டத்துச் சுவர் வேகமாகச் சுருங்கும், கோபுரம் அவ்வளவாகச் சுருங்காது. அந்த விகிதம் உங்கள் கேமராத் திரையில் ஒத்துவந்தால் தூரம் சரி, பிறகு மாற வேண்டியது உயரம் மட்டுமே.

முதலில் அடி கணக்கில் நகர்வீர்கள், பிறகு சாண் கணக்கில், கடைசியில் விரல்கடை கணக்கில். பல சமயம் அந்த இடத்தில் இப்போது ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கும், அல்லது கரும்புச் சாறு வண்டி நிற்கும். அப்படியானால் பக்கத்தில் நின்று எடுத்துவிட்டு, எவ்வளவு தள்ளி எந்தத் திசையில் என்று எழுதிவிடுங்கள். வண்டியைத் தள்ளச் சொல்லாதீர்கள்.

கிட்டத்துப் பொருள் எல்லாமே மாறிப்போன தெருவில் கல்லைத் தேடுங்கள். பத்துத்தூண் சந்தில் நாயக்கர் அரண்மனையின் மிச்சமாகக் கல்தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் நிற்கின்றன. விளக்குத்தூண் இருக்கிறது. சின்னச் சின்னக் கோயில்கள், மண்டபங்கள், சர்ச்சுகள், பள்ளிவாசல்கள் இருக்கின்றன. மின்கம்பத்தை நம்பாதீர்கள், ரோடு அகலப்படுத்தும்போது முதலில் நகர்வது அதுதான்.

பழைய படமே இல்லையென்றால்

இன்றைய படத்தையே முதல் படமாக வைத்துத் தொடங்குங்கள். இது இன்னும் சுலபம், ஏனென்றால் நிற்கிற இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் பத்து வருடம் கழித்து வந்து நிற்கக்கூடிய பொது இடமாக இருக்கட்டும். நண்பன் வீட்டு மொட்டை மாடி அருமையாக இருக்கும், அவன் வீட்டை விற்றுவிட்டால் அதோடு தொடர் முடிந்தது. தெருமுனை, பாலத்தின் நடைபாதை, கோயில் படிக்கட்டு, ஆற்றங்கரை இவை நிலைக்கும்.

எடுக்கிற படத்தில் அசையாத பொருள் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஆனால் அது ஓரத்தில் இருக்கட்டும். கோபுரம் ஒரு மூலையில், தெரு நடுவில். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று 1997-இல் அரசாணை போட்டார்கள். அது எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகிறது என்று ஆராய விரும்புகிறவர் செய்ய வேண்டியது எளிது. கோபுரம் தெரிகிற தெருமுனைகளை இன்றைக்கே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்த நிலை வரை தெரிகிறது என்று படம் எடுத்து வைத்தால், இரண்டு வருடம் கழித்து எந்த முனையில் கோபுரம் மறைந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கேமரா விஷயம்

போனே போதும். ஆனால் எப்போதும் 1 எக்ஸ் லென்ஸ். 0.5 எக்ஸ் போட்டால் சந்து முழுக்க அடங்கும், ஓரத்துக் கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து நீண்டு, அடுத்த முறை வேறு போனில் எடுக்கும்போது ஒத்துவரவே வராது. பழைய பிலிம் கேமராப் படங்கள் பெரும்பாலும் போனின் 1 எக்ஸைவிடக் குறுகலாக இருக்கும். சரியான இடத்தில் நின்று அகலமாக எடுத்துவிட்டு வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுவையுங்கள். பில்டர், பியூட்டி, எச்.டி.ஆர். விளையாட்டெல்லாம் அணைத்துவிடுங்கள்.

கோபுரம் அடங்கவில்லை என்று போனை மேல் நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் எல்லாம் உள்பக்கம் விழும். பழைய பெட்டிக் கேமராக்கள் சிலவற்றில் லென்ஸை மட்டும் மேலே தள்ளிக்கொள்ளும் வசதி உண்டு. நமக்கு இல்லை. போனைச் செங்குத்தாகப் பிடித்து, முடிந்தால் பின்னால் போய், கீழே தேவையில்லாமல் வருகிற தார் ரோட்டை வெட்டிவிடலாம்.

ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பாதீர்கள். குறுகிய சந்துகளில் அது உங்களைப் பக்கத்துத் தெருவில் நிற்க வைத்துவிடும். நின்ற இடத்தையே கால் கட்டைவிரலோடு சேர்த்துக் கீழ் நோக்கி ஒரு படம், நின்ற இடத்துக்கு முதுகுப் பக்கம் ஒரு படம் எடுத்துவிட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது சுலபம்.

ட்ரோன் வேண்டாம். கோயில் பக்கம் பறக்கவிட்டால் போலீஸ் வரும், அனுமதிக்கு அலைகிற நேரத்தில் பத்துத் தெரு எடுத்துவிடலாம். கோயிலுக்குள் செல்போனுக்கே தடை. ரயில்வே ஸ்டேஷன், கோர்ட், போலீஸ் ஸ்டேஷன் வளாகங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது எடுப்பது

ஒரே தெருவை இரண்டு நேரத்தில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஷட்டர் எல்லாம் சாத்தியிருக்கும்போது ஒன்று, வேலை நாளில் வியாபாரம் நடக்கும்போது ஒன்று. முதல் படத்தில் கட்டடம் தெரியும், இரண்டாவதில் தெருவின் பிழைப்பு தெரியும். கீழமாசி வீதியில் மூட்டை இறங்கும் நேரத்தில் எடுத்த படத்தில் கட்டடத்தின் கீழ்த்தளமே தெரியாது. சாத்திய நேரத்தில் எடுத்ததில் அது மளிகை மொத்த வியாபாரத் தெரு என்பதே தெரியாது.

வெயிலைப் பற்றி ஒரு தகவல். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.17 வாக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. அதனால் வடக்கு வீதியில் வடக்குப் பார்த்த வீடுகளின் முகப்பில் நடுப்பகல் வெயில் விழுவது கோடையில் மட்டும்தான். பழைய படத்தில் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் எந்தப் பருவம், என்ன நேரம் என்று ஊகிக்கலாம். மறுபடி எடுக்கும்போது அதே பருவத்தில் போனால் நிழலும் ஒத்துவரும். சந்துகளுக்கு நிழலே தொந்தரவு. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய நாள் கிடைத்தால் சந்துகளை முடித்துவிடுங்கள்.

முதல் வருடம் ஒரே இடத்தை நாலைந்து முறை எடுப்பது அவசியம். தீபாவளிக்கு முன் விளக்குத்தூண் பக்கம் போனால் நடைபாதை முழுக்கத் துணிக்கடை. அதையும் வைகாசியில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு “நடைபாதைக் கடைகள் பெருகிவிட்டன” என்று எழுதினால் தப்பு. பொங்கலுக்குப் பிறகு எல்லா வீடும் புது வெள்ளை, சித்திரையில் எங்கும் பந்தல், தேர்தல் வந்தால் சுவரெல்லாம் விளம்பரம். வருஷா வருஷம் வந்து போவது எது, வந்து தங்குவது எது என்று பிரித்த பிறகு, வருடத்துக்கு ஒரு முறை, அதே மாதத்தில் எடுத்தால் போதும். மேம்பாலம் கட்டுகிற மாதிரி வேலை நடக்கும் இடங்களுக்கு மட்டும் மாதம் ஒரு முறையாவது போங்கள், அங்கே ஒரு கட்டம் தவறினால் திரும்பக் கிடைக்காது.

தெருவில் ஆட்களிடம் பேசுவது

கட்டடத்துக்கு எதிரே நின்று, தாளைப் பார்த்து, ஒரு அடி நகர்ந்து, மறுபடி தாளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். “கார்ப்பரேஷனா தம்பி?” என்றுதான் முதல் கேள்வி வரும். ஆக்கிரமிப்பு எடுக்க வந்திருக்கிறார்களோ, வரி ஏற்றப் போகிறார்களோ என்ற பயம். கேமராவை எடுப்பதற்கு முன்னாலேயே போய்ப் பேசிவிடுங்கள். “இல்லண்ணே, பழைய மதுரைப் படம் ஒண்ணு இருக்கு, அதே இடத்துல இப்ப எடுக்கலாம்னு” என்று பிரிண்டை நீட்டினால் ஆளே மாறிவிடுவார்.

அந்தப் பிரிண்ட் ஒரு சாவி. அதைக் கையில் வாங்கியதும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். “ஏய், இங்க வா, இது யாரு கடைன்னு சொல்லு” என்று ஆரம்பிக்கும். ஒருவர் இது இட்லிக் கடை என்பார், இன்னொருவர் அதற்கு முன்னால் சைக்கிள் கடை என்பார், டீ ஆற்றுகிறவர் இரண்டும் தப்பு என்பார். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் யாருக்கு விற்றது, எந்த மழையில் சுவர் விழுந்தது, எப்போது பாகம் பிரித்தார்கள் என்று படத்தில் தெரியாத காரணங்கள் இப்படித்தான் வரும். பேச்சைப் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வயதான பெண்களை விட்டுவிடாதீர்கள். கடையைப் பற்றி ஆண்களுக்குத் தெரியும், தண்ணீர் எங்கே பிடித்தார்கள், எந்த வீட்டில் எத்தனை குடித்தனம் இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குறிப்பு எழுதுவது

ஒவ்வொரு படத்துக்கும் தேதி, மணி, நின்ற இடம், பார்த்த திசை, லென்ஸ், தெருவின் பெயர், கதவு எண். முடிந்தால் டவுன் சர்வே எண்ணும். கதவு எண் மாறும், பழசும் புதுசும் சேர்ந்து தொங்கும். சர்வே எண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், இட எண் என்ற வரிசையில் வைத்தால் தானாக அடுக்கிக்கொள்ளும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். சுருக்கிவிடும், உள்ளே இருக்கும் தேதி விவரமும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இரண்டு பிரதி, இரண்டு வேறு வேறு வீடுகளில்.

படத்தைப் படிப்பது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து “அடேங்கப்பா” என்று சொல்வதோடு நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான். ஜிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று போட்டு, மேலே இருப்பதை மங்கலாக்கிப் பாருங்கள். அசையாத பொருள்கள் பொருந்தினால் மற்றதை எண்ணத் தொடங்கலாம்.

எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? மாடிகள். ஓட்டுக் கூரை எத்தனை, தளம் எத்தனை. கீழ்த்தளத்தில் வீடா கடையா. சின்டெக்ஸ் தொட்டிகள், ஏ.சி. பெட்டிகள், மரங்கள், நிறுத்திய வண்டிகள். போர்டுகளில் எந்த மொழி பெரிதாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது கரண்ட் மீட்டர். வாசல் நடையில் ஒரு மீட்டர் இருந்த வீட்டில் இப்போது வரிசையாக ஆறு மீட்டர் பெட்டி இருந்தால், முகப்பு அப்படியே இருந்தாலும் உள்ளே குடும்பம் பிரிந்திருக்கிறது, அல்லது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அல்லது கடையாகத் தடுத்திருக்கிறார்கள். வெளியே பழைய வீடு, உள்ளே புது வீடு. முகப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அது பிடிபடாது.

இன்னொன்று படிக்கட்டு. ரோட்டுக்கு மேலே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. பழைய படத்தில் மூன்று படி ஏறிப் போகிற வீட்டுக்கு இப்போது படியே இல்லாமல் இருக்கலாம், சில வீடுகளில் இறங்கிப் போக வேண்டியிருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் ஒரு சின்னத் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். அடுத்த கட்டம் பெரும்பாலும் வீட்டை இடித்துக் கட்டுவது. ஆகவே வாசற்படியைத் தனியாக ஒரு படம், பக்கத்தில் டேப் வைத்து எடுங்கள். திண்ணையோடு இருக்கிற வீடு என்றால் திண்ணையின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் போடுங்கள்: வரிசையில் கட்டடம், நெடுக்கில் ஆண்டு. நிரப்பிய பிறகு ஒவ்வொரு கட்டடமாக இல்லாமல் தெரு முழுவதையும் பாருங்கள். முனைக் கட்டடங்கள் முதலில் மாறுகின்றனவா, நடுவில் இருப்பவையா? ஒரு கட்டடம் உயர்ந்த பிறகு பக்கத்துக் கட்டடம் எத்தனை வருடத்தில் உயர்கிறது? மாறாமல் இருக்கிற வீட்டைக் குறித்துக்கொண்டு ஏன் மாறவில்லை என்று விசாரித்தால் கோயில் சொத்து, டிரஸ்ட் சொத்து, பாகப்பிரிவினை வழக்கு என்று ஏதாவது வரும்.

காரணத்தைப் படத்திலிருந்து ஊகிக்காதீர்கள். கடை மூடிக்கிடந்தால் வியாபாரம் நொடித்துவிட்டது என்று அர்த்தமில்லை, மகன் அமெரிக்காவில் இருக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்தால் சொத்து எப்போது கைமாறியது என்று தெரியும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களுக்குப் போனால் கூரை எந்த ஆண்டு மாறியது என்று ஒரு கணக்குக் கிடைக்கும். ஊரளவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஸ்டாண்ட் போனது, பழைய சென்ட்ரல் மார்க்கெட் அங்கே மாறியது, 2004-இல் ஐகோர்ட் கிளை வந்தது, 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை சேர்ந்தது. மார்க்கெட் போன பிறகு அதை நம்பியிருந்த தெருக்களில் காய்கறிச் சாக்கு, கூடை, தராசு விற்ற கடைகளுக்கு என்ன ஆயிற்று என்பது யாராவது எடுத்துச் செய்ய வேண்டிய தனி வேலை.

வெளியிடும் முன்

பழைய கட்டடம், புதுக் கட்டடம் என்று போடுகிற படம் யாருக்காவது வம்பாக முடியலாம். நடைபாதையில் இட்லி விற்கிற அக்காவின் கடை “ஆக்கிரமிப்பு” என்பதற்கு உங்கள் படமே சாட்சியாகப் போகக்கூடும். வைகைக் கரையோரக் குடிசைகளின் படத்தில் முகமும் துல்லியமான இடமும் சேர்ந்து இருந்தால் அதை அப்படியே பொதுவில் போடாதீர்கள். உங்கள் சேமிப்பில் முழு விவரத்தோடு இருக்கட்டும், வெளியே போவதில் முகம், வண்டி எண், இடக் குறிப்பு எடுத்துவிடுங்கள். குடும்ப ஆல்பத்துப் படங்களுக்கு வீட்டுக்காரரிடம் வாயால் கேட்டது போதாது, எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லி ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றதை விக்கிமீடியா காமன்ஸில் (எல்லோரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையப் படக் கிடங்கு) ஏற்றலாம். தமிழில் விளக்கம், தெருவின் பெயர், எடுத்த தேதி எல்லாம் முழுதாக எழுதுங்கள். “மதுரை ஸ்ட்ரீட்” என்று மட்டும் போட்டால் யாராலும் தேடி எடுக்க முடியாது. தெருவில் உதவினவர்களுக்குப் பழையதும் புதியதும் சேர்ந்த ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவைப்பார்கள். அடுத்த வருடம் நீங்கள் போகும்போது, அதைப் பார்த்துவிட்டு வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்த இன்னொரு பழைய படம் அங்கே உங்களுக்காகக் காத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் ஒரு இட எண் போட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.